ஓடுகிற வீடியோவைப் பார்த்து மாடல் ரயில் லேஅவுட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

சேலத்தில் மாடல் ரயில் லேஅவுட் (பலகைமேல் தண்டவாளம் போட்டு குட்டி ரயில் ஓடவிடும் அமைப்பு) செய்து தருகிறேன் என்று ஒருவர் ஆர்டர் பிடிக்கிறார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன், தெரிந்தால் இதே வேலையை யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

நானும் தம்பியும் கேட்டது லோக்கூர், டேனிஷ்பேட்டை பக்கம் மலையை ஒட்டி வளைந்து வருமே, அந்தப் பாதை. எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதில் ஐசிஎஃப் பெட்டிகள் (சென்னை பெரம்பூர் தொழிற்சாலையின் நீளமான பயணிகள் பெட்டி) ஓட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். நிக்கல் சில்வர் (வெள்ளி நிற உலோகக் கலவை) தண்டவாளம், 12 மி.மீ. மரைன் பிளைவுட், மூன்றடிக்கு ஒரு ஃபீடர் வயர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் வயர்) என்று பேச்சு. வேலை முடிந்தது என்று வீடியோ அனுப்பினார், இன்ஜின் அழகாகச் சுற்றியது. "எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டேன்ணா, தைரியமா மீதியப் போடுங்க" என்றார். போட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் வாங்கி வைத்திருந்த பெட்டிகளை ஏற்றினால் முதல் வளைவிலேயே தடம் புரண்டது. நிஜ ஐசிஎஃப் பெட்டி 21 மீட்டருக்கு மேல், எச்ஓ-வில் கிட்டத்தட்ட 24.5 செ.மீ. வரும். அவர் போட்ட வளைவின் ஆரம் 36 செ.மீ. தான்! அதில் நாலு சக்கரம் மட்டும் உள்ள குட்டையான ஷண்டிங் இன்ஜின் தாராளமாக ஓடும், வீடியோவில் ஓடியதும் அதுதான். நீளப் பெட்டிகள் மூலைக்கு மூலை இடித்துக்கொண்டு இறங்கிவிடும்.

கரண்ட் விஷயம்தான் பெரிய மோசடி. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம் அடித்திருந்தார், பார்க்க நிஜம் போலவே இருக்கும். சுரண்டினால் உள்ளே மஞ்சள், பித்தளை. பித்தளையில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பலகையைத் திருப்பினால் மொத்த லேஅவுட்டுக்கும் ஒரே ஒரு ஜோடி வயர், மீதியெல்லாம் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை நம்பி விட்டிருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டபோது தூரமான ஒரு மூலையில் மல்டிமீட்டரை வைத்து "பாருங்கண்ணா, 12 வோல்ட்" என்று காட்டினார். வண்டி ஓடாதபோது எந்தத் தண்டவாளமும் 12 காட்டும்! ரயிலை ஓடவிட்டு அதே மூலையில் நாங்கள் அளந்தபோது 7. அதற்கப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை. பிளைவுட்டும் சாதா கமர்ஷியல், அடியில் சட்டம் இல்லாமல் நடுவில் தொய்ந்துவிட்டது.

யாரிடம் வாங்கினாலும் மீதிப் பணத்துக்கு முன் நேரில் போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியைக் கொண்டுபோய் ஒவ்வொரு பாயின்ட்டிலும் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) இரண்டு பக்கமிருந்தும் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள், வேகமாக ஓட்டினால் கரண்ட் இல்லாத இடத்தைத் தாண்டிப் போய்விடும், தெரியாது. ஓவர்லோடு பாதுகாப்பு உள்ள கன்ட்ரோலர் என்றால் தூரமான மூலையில் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள், உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் வயரிங் சரியில்லை, நாணயத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 1915-க்கு ஃபோன் செய்தும் புகார் சொல்லலாம். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்திருந்ததுதான் எங்களுக்கு இப்போது கைகொடுக்கிறது.

ஏற்காட்டில் யாரோ இவரிடம் அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நீங்களாக இருந்தால், மீதியைக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், டெஸ்ட் பண்ண நானே மல்டிமீட்டரோடு மேலே வருகிறேன்.