ரோட்டரி டீகேஸர்: அலுமினிய ஃபவுண்டரிக்கு வாங்கலாமா?

கடைசல் முடிந்த வார்ப்படத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் முதலில் ஹைட்ரஜனைச் சந்தேகிக்க வேண்டும். 660 டிகிரியில் 100 கிராம் உருகிய அலுமினியம் சுமார் 0.65 மி.லி. ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும்; உறைந்த பிறகு அதில் இருபதில் ஒரு பங்குதான் தங்கும். மிச்சம் துளையாகிறது. அந்த வாயுவை வார்ப்பதற்கு முன்பே உருகிய உலோகத்திலிருந்து வெளியேற்றும் கருவிதான் ரோட்டரி டீகேஸர்.

இதே வேலைக்குப் பல காலமாகப் போட்டுவந்தது ஹெக்ஸாகுளோரோஈத்தேன் மாத்திரை. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் குளோரின் கலந்த அந்தப் புகையை உலையருகே நிற்பவர்தான் சுவாசிக்கிறார். கலவையிலுள்ள மக்னீசியமும் குறைந்துபோகும். மாத்திரையைக் கைவிட அந்தப் புகை ஒன்றே போதும்.

ரோட்டரி டீகேஸரில் கிராஃபைட் தண்டின் முனையிலுள்ள ரோட்டார் சுழன்று, நைட்ரஜனையோ ஆர்கானையோ சின்னச் சின்னக் குமிழ்களாக உடைத்து விடுகிறது. ஹைட்ரஜன் குமிழுக்குள் புகுந்து மேலேறிவிடும். குமிழ் சிறுத்தால்தான் பலன். வெறும் குழாயில் வாயு விட்டால் பெரிய குமிழ்கள் சட்டென்று மேலே வந்து வீணாகும். 720 டிகிரி வாக்கில், ரோட்டார் வேகம் 400 ஆர்.பி.எம்., வாயு நிமிடத்துக்கு 15 லிட்டர், 10 நிமிடம் என்று தொடங்கிப் பார்த்து, உங்கள் குரூசிபிளுக்கு (உருக்கும் பாத்திரத்துக்கு) ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

தடுப்புப் பலகை இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம். அது இல்லாவிட்டால் நடுவில் சுழி விழுந்து மேற்பரப்பு ஆக்சைடை உள்ளே இழுக்கும். நீக்கியதைவிடச் சேர்த்த அழுக்கு அதிகமாகிவிடும். வேகத்தைக் கூட்டினாலும் இதே கதைதான்.

தேய்மானச் செலவு கிராஃபைட்டில்தான். உலோகமும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில் தண்டு எரிந்து மெலியும், ஒருநாள் அங்கேயே முறியும். பூச்சுள்ள தண்டு கேளுங்கள். இறக்கும் முன் நன்றாகச் சூடேற்றுங்கள். ஈரமான கிராஃபைட் ஹைட்ரஜனைத் திரும்பக் கொடுக்கும், உலோகத்தைத் தெறிக்கவும் வைக்கும். வாயுவைத் திறந்த பிறகே இறக்க வேண்டும், வெளியே எடுத்த பிறகே மூட வேண்டும். மாறிச் செய்தால் வாயு வரும் துளைகளில் உலோகம் உறைந்து ரோட்டார் போச்சு. சிலிண்டரிலிருந்து வரும் குழாயில் ஈரம் இருந்தால் முழு உழைப்பும் வீண்.

பலனை வெற்றிட உறைவுச் சோதனையில் பாருங்கள். காற்றில் உறைந்த மாதிரியின் அடர்த்தி 2.65, வெற்றிடத்தில் உறைந்தது 2.60 என்றால் அடர்த்திக் குறியீடு (அந்த வித்தியாசத்தின் சதவீதம்; குறைந்தால் நல்லது) 1.9 சதவீதம், பல வார்ப்படங்களுக்கு இது போதும். டீகேஸ் செய்தும் எண் இறங்காவிட்டால் ஆக்சைடு படலத்தைத் தேடுங்கள், இந்தச் சோதனை அதையும் சேர்த்தே காட்டும். சோடியம் போட்டு மாடிஃபை செய்பவர்கள், அதாவது கலவையிலுள்ள சிலிக்கானை நுண்மையாக்குபவர்கள், ஸ்ட்ரான்ஷியத்துக்கு மாறுவது நல்லது. டீகேஸிங்கில் சோடியம் சீக்கிரம் பறந்துவிடும்.