திருச்சி–சிங்கப்பூர் இரவு விமானம்: டவருக்கு 5 நட்சத்திரம், விமானத்துக்கு 3

போன மாதம் திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் வந்தேன். இருக்கை, சாப்பாடு எல்லாம் கொடுத்த காசுக்குச் சரி. நான் எழுத வந்தது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது நடந்ததை. கடலில் நிற்கும் கப்பல்களின் விளக்கெல்லாம் தெரிந்து, சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்ற நேரத்தில் எஞ்சின் உறுமி, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, இறங்கலையா?" என்றார். ஐந்தாறு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. விமானிக்கு அப்போது கை ஓயாது, சரி, பணிப்பெண் ஒருவராவது பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். 2 நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான்.

அப்புறம் விமானி சொன்னார்: முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை, டவர், அதாவது விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரம், நம்மைச் சுற்றி வரச் சொல்லிவிட்டது. இருபது நிமிடம் வீண் என்று பின்னால் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அந்த டவர்காரரின் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது. மணி அதிகாலை நாலரை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எட்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் கண் எப்படிச் செருகும், திரையில் இருக்கும் எண்ணைப் பார்த்தும் அது மண்டையில் ஏறாமல் எப்படிப் போகும் என்று நன்றாகத் தெரியும். நான் தப்புச் செய்தால் கொஞ்சம் சரக்கு வீணாகும், அவ்வளவுதான். விமானங்களை வழிநடத்துகிறவர் தப்புச் செய்தால் உயிர் போகும்.

2002 ஜூலை 1 இரவு சுவிட்சர்லாந்தின் சூரிக் விமானக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஓய்வெடுக்கப் போக, இன்னொருவர் தனியாளாக இரண்டு இடத்து வேலையைப் பார்த்தார், பராமரிப்பு வேலையால் தொலைபேசி இணைப்பும் சரியாக இல்லை. ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் போனார்கள், அதில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். தனியாக விடப்பட்ட அந்த ஒருவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூர் பார்த்துக்கொள்ளும் வான்பரப்பு நம் தீவைப் போலப் பல நூறு மடங்கு. அதைப் பார்க்கிறவர்கள் நன்றாகத் தூங்கிவிட்டு வரட்டும். அதற்கு ஆள் கூட்ட வேண்டுமென்றால் கூட்டட்டும், டிக்கெட்டில் சில டாலர் ஏறினாலும் நான் கொடுப்பேன். சாங்கியில் கழிவறைக்குக்கூட மதிப்பெண் போடலாம், டவருக்குப் போட இடமில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தீபாவளிக்கும் இதே இரவு விமானத்தில்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.