"காரைக்குடிக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பெண்பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. அவர்கள் இன்னும் 18,000 ரூபாய் திருப்பித் தரவேண்டியிருக்கிறது. பெயரைப் போட்டால் அதுவும் வராது. அதனால் கோழைத்தனம் என்று யாரும் கமெண்ட்டில் வரவேண்டாம்.

பிள்ளை என் அண்ணன் மகள். அண்ணன் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். மதினியும் எங்கள் அம்மாவும் திருவாடானைப் பக்கம் ஊரில். நான் தேவகோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். "நம்ம வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்திருக்கலாமே" என்பீர்கள். ஒற்றை அறை வாடகை வீடு, வளர்ந்த பையன்கள் இரண்டு பேர். முடியவில்லை. அதனால் ஹாஸ்டல் உள்ள கல்லூரியாகப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேவகோட்டையில் இருப்பவனுக்குத் தெரியாத காரைக்குடியா என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. அதுதான் முதல் தப்பு.

அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். முதல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம் என்றேன். சென்டர்காரத் தம்பி, "அண்ணே, காத்திருந்தா ரெண்டும் போயிரும். இங்க ஒரு காலேஜ் இருக்கு, சின்ன காலேஜ், பிள்ளைகளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவாங்க" என்று ஒரு பளபளப்பான நோட்டீஸை நீட்டினான். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன் போவது தீபாவளிக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. விண்ணப்பம் போடும் இடத்தில் யோசனை கேட்காதீர்கள்.

நோட்டீஸின் அட்டையில் ஒரு செட்டிநாட்டு வீடு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண் வரிசை. கீழே "காரைக்குடிக்கு மிக அருகில், 15 நிமிடப் பயணம்". உள்ளே "மகளிர் விடுதி வசதி உண்டு". விடுதி வளாகத்துக்குள் என்று எங்கேயும் போடவில்லை. அதை நாங்களாகப் படித்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புது பஸ் ஸ்டாண்டுக்கே வேன் அனுப்பினார்கள். மதினி, பிள்ளை, நான். உள்ளே ஏசி. சாப்பாடு, பாயசம். லேபில் உறை போட்ட கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. உறையை எடுத்துக் காட்டச் சொல்லத் தோன்றவில்லை. கல்லூரி முதல்வர் அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எங்க பொண்ணு" என்றார். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாஸ்டலைக் கேட்டபோது, "பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருக்கு, திறப்பு அன்னைக்குப் பாருங்க" என்றார்கள். அன்றைக்கே 10,000 ரூபாய் "வளர்ச்சி நிதி" என்று ரொக்கமாகக் கேட்டார்கள், ரசீது இல்லை. தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூலிப்பதைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே பணத்தைக் கொடுத்துவிட்டேன். படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் தனி, அவற்றுக்கு ரசீது கொடுத்தார்கள்.

ஜூலையில் பெட்டியோடு கொண்டுபோய் விட பஸ்ஸில் போனேன். வேனில் போன பாதை பஸ்ஸில் வேறு மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து 17 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, கொஞ்சம் தள்ளி டாஸ்மாக். ஞாயிற்றுக்கிழமை வேன் அந்த இடத்தைத் தாண்டும்போது ஓட்டுநர் ஏதோ கோவில் கதை சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-லிருந்து இருக்கிறதே, பஸ் செலவு இருக்காது என்று மதினி கணக்குப் போட்டிருந்தார். அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். அந்த வழியில் நாளைக்கு மூன்று நடைதான் டவுன் பஸ். மற்றதெல்லாம் டிக்கெட் எடுக்கவேண்டிய புறநகர் வண்டி, அதிலும் பாதி அந்த நிறுத்தத்தில் நிற்காது.

எங்கள் தலைமுறைக்குக் காரைக்குடியில் கல்லூரி என்றால் காலேஜ் ரோடுதான் கண்ணில் நிற்கும். அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுக்க, 1953-ல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. 1985-ல் பல்கலைக்கழகம். அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடையும் மெஸ்ஸும் டீக்கடையும் தானாக வளர்ந்தன. இருட்டின பிறகும் அந்த ரோட்டில் பத்துப் பிள்ளைகள் நடந்து போவார்கள், ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் நாலு கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். "காரைக்குடி" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த ரோடு ஞாபகத்துக்கு வந்தது. நோட்டீஸ் அடித்தவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, ஹாஸ்டல். கல்லூரியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள், வாடகைக்கு எடுத்த ஒரு பழைய செட்டியார் வீடு. அட்டைப் படத்தில் பார்த்த வீடே அதுதான். பொய் சொல்லவில்லை, பாருங்கள்!

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இந்த வீடுகள் ஒரு தெருவில் தலைவாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அந்தக் குடும்பத்தைப் புள்ளி என்பார்கள், புள்ளிக்கு ஒரு அறை. சீர் சாமானும் பெட்டியும் வைக்கத்தான் அந்த அறை, மனுஷர் புழக்கமெல்லாம் வளவிலும் தாழ்வாரத்திலும். அப்படிப்பட்ட அறையில் நாலு பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று, அதுவும் தாழ்வாரத்தைப் பார்த்து. மொத்தம் 41 பிள்ளைகள். மூன்றாங்கட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து நாலு கழிப்பறை. தண்ணீர் லாரியில் வரும், வராத அன்று ஊருணி.

இதையெல்லாம்கூட, படிக்கிற பிள்ளை, மூன்று வருஷம்தானே என்று பொறுத்திருப்போம். தெருவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பகலில் பார்த்தால் அழகான ஊர், அகலமான தெரு, கோடு போட்ட மாதிரி வீடுகள். ஆனால் பத்து வீட்டில் எட்டு பூட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற குடும்ப வழிபாடு) என்றால் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் ஒரு காவல்காரர், ஒரு விளக்கு. பின்தெரு இன்னும் மோசம். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர்தான். கடை கிடையாது, திண்ணை கிடையாது, உட்கார்ந்து பேச ஒரு ஆச்சி கிடையாது. தப்பு செய்ய நினைப்பவன் பயப்படும்படி அங்கே ஒரு கண்ணும் இல்லை.

அக்டோபரில் ஒரு ராத்திரி அந்தப் பின்வாசலை யாரோ தட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் இல்லை, விட்டு விட்டு அரை மணி நேரம். பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். முகப்பில் படுத்திருந்த காவல்காரத் தாத்தாவுக்குக் கேட்கவே இல்லை. வீடு அவ்வளவு நீளம். வார்டன் அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. இவள் எனக்குப் போன் போட்டபோது மணி ஒன்றேகால். "சித்தப்பா, கதவு ஆடுது சித்தப்பா" என்றாள். நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்ச் சேர இரண்டரை ஆகிவிட்டது. அதற்குள் தட்டினவன் போய்விட்டான். காலையில் அலுவலகத்தில் கேட்டதற்கு, "நாய் சார், கதவைச் சுரண்டும்" என்றார்கள்.

நாய் அரை மணி நேரம் தாழ்ப்பாளையா ஆட்டும்?

அன்றைக்கே கூட்டி வந்திருக்கவேண்டும். செமஸ்டர் பரீட்சை நெருங்கியதால் விட்டுவைத்தோம். அதற்கும் வேறு வழியில் முடிவு வந்தது. நவம்பரில் அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் படைப்புக்காகக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். வந்து பார்த்தால் வளவில் கொடி கட்டித் துணி காய்கிறது. வீட்டுக்கு ஏழு புள்ளி. கல்லூரிக்காரர்கள் ஒரு புள்ளியிடம் மட்டும் கையெழுத்து வாங்கி ஹாஸ்டல் நடத்தியிருக்கிறார்கள், மற்ற ஆறு பேருக்கும் தெரியாது. பத்து நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளுக்கு அன்று மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு போட்டவர் அவர்தான். ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து அவள் நிறைவாகச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதானாம்.

கல்லூரி சொன்ன பதில்: "காரைக்குடியில தனியார் ஹாஸ்டல் பாத்துக்கங்க, பஸ்ஸுக்கு வருஷம் 16,000 கட்டிருங்க."

படிப்பாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. டேட்டா சயின்ஸ் என்று சொல்லிச் சேர்த்தார்கள். ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள் என்று ஆகஸ்ட் கடைசியில் கணிதத்தோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பாடப்பிரிவுக்குப் பல்கலைக்கழக இணைப்பே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இணைப்பு தனியாக வாங்கவேண்டும். கல்லூரிக்கு இணைப்பு இருப்பதால் போர்டில் எழுதியிருக்கும் எல்லாப் படிப்புக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கான ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் இருந்த, கல்லூரிகளுக்குத் தரம் போடும் "நாக்" அமைப்பின் தர போர்டும் அதே நிர்வாகத்தின் வேறு ஊர்க் கல்லூரிக்குக் கிடைத்தது. நாக் தரம் அந்தந்தக் கல்லூரிக்குத்தான், அதுவும் பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான்.

இன்னொன்று, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரவேண்டும். ஒரு மாதம்கூட வரவில்லை. கல்லூரிதான் யூமிஸ் என்கிற அரசின் மாணவர் விவரத் தளத்தில் விவரத்தை ஏற்றவேண்டும். "ஏத்திருவோம், ஏத்திருவோம்" என்று நாலு மாதம் ஓட்டினார்கள். இல்லாத படிப்பில் சேர்த்த பிள்ளையை எப்படி ஏற்றுவார்கள்?

நின்றுகொள்கிறோம் என்றதும் குரல் மாறியது. மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் டிசி என்றார்கள். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுக்கவேண்டும். கட்டணத்துக்கும் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுதும், பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாள்வரை 80, முப்பது நாள்வரை 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. நாங்கள் விலகியது நவம்பர். படிப்புக் கட்டணம் 32,000 போனது போனதுதான். ஆகஸ்டில் பாடப்பிரிவை மாற்றினபோதே சண்டை போட்டிருந்தால் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும். அப்போது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து, யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் போட்டு, அதன் எண்ணையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் நாள் டிசி வந்தது. ஹாஸ்டல் பணம் 45,000-ல் பாதிக்குக் கொஞ்சம் கீழே, 21,000 தருவதாக ஒத்துக்கொண்டார்கள். அதில் வந்தது 3,000.

சின்னக் கல்லூரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே கல்லூரியில் தமிழ் நடத்திய ஒரு மேடம், முப்பது பிள்ளைகளின் பெயரும் ஊரும் தெரிந்தவர், இன்றைக்கும் இவளுக்குப் போன் செய்து படிக்கிறாளா என்று கேட்கிறார். பெரிய கல்லூரியில் அது கிடைக்காது. ஆனால் பிள்ளை வகுப்பில் இருப்பது ஐந்து மணி நேரம், மீதி நேரமெல்லாம் அந்த ஊரில்தான் இருக்கிறாள். அவர்கள் வேனில் போகாதீர்கள். வேலை நாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு, டவுன் பஸ்ஸில் போய் இறங்கி வாசல்வரை நடந்து பாருங்கள். கூட அம்மாவோ அக்காவோ வரட்டும், ஆம்பிளைக் கண்ணுக்குப் பாதி விஷயம் தெரியாது, எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஹாஸ்டல் எது என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டிருந்தால் அந்த டீக்கடைக்காரரே சொல்லியிருப்பார். டிசி வாங்கப் போன அன்று சொன்னார்: "போன வருஷம் வேற ஒரு வீட்டுல வச்சிருந்தாங்க தம்பி, அங்கயும் இப்படித்தான் எந்திரிக்கச் சொல்லிட்டாங்க."

பிள்ளை இப்போது அரசுக் கல்லூரியில் முதல் வருஷம், ஒரு வருஷம் தள்ளி. ராத்திரி கதவைக் காற்று ஆட்டினால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று மதினி சொல்கிறார்.

மீதி 18,000-க்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இது ஆறாவது வியாழக்கிழமை. காலை ஏழே முக்கால் டவுன் பஸ்ஸை விட்டால் அப்புறம் பன்னிரண்டரைக்குத்தான்.