பத்தமடைப் பாய் விற்க எது உதவும்: குண சர்வேயா, கணக்கு நோட்டா?

பாளையங்கோட்டையில் என் சித்தப்பா பாய்க் கடை வைத்திருக்கிறார். பத்தமடையிலிருந்து வரும் கோரைப்பாய்தான் முக்கியச் சரக்கு. போன வருஷம் ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர் வந்து, வாடிக்கையாளரின் குணத்தைச் சர்வே எடுத்துத் தருகிறேன், அதை வைத்து விளம்பரம் செய்தால் வியாபாரம் ஏறும் என்றார். "ஏலே, இதுக்குப் பணம் கட்டலாமா, இல்ல நம்ம நோட்டே போதுமா?" என்று சித்தப்பா கேட்டார். சரி என்று இரண்டையும் உட்கார்ந்து பார்த்தேன்.

குண சர்வேயில் இரண்டு ரகம் உண்டு. ஏஜென்சிக்காரர் காட்டியது எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ்) என்ற குணத் தேர்வு மாதிரி, ஆட்களை 16 வகையாகப் பிரிப்பது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் கூச்சக்காரர், அந்தப் பக்கம் கலகலப்பானவர் என்கிறது. நம்மில் நிறையப் பேர் நிற்பதோ அந்தக் கோட்டை ஒட்டித்தான். சில வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டால் பலர் வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, உளவியல் ஆய்வாளர்கள் மதிக்கும் 'பெரிய ஐந்து'. புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம் ஆகிய ஐந்தும் ஒருவரிடம் எவ்வளவு என்று அளக்கிறது, வகை பிரிப்பதில்லை. காஸ்லிங், ரெண்ட்ஃப்ரோ, ஸ்வான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2003-இல் இதைப் பத்தே கேள்விக்குச் சுருக்கினார்கள். நீளமான கேள்வித்தாளைவிட இதில் துல்லியம் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் கடையில் நின்றபடியே பதில் சொல்லிவிடலாம். ஒரு குணத்துக்கு இரண்டு கேள்வி. ஒன்று நேராக, மற்றது எதிராக.

அந்த எதிர்க்கேள்வி நம்ம ஊருக்கு ரொம்ப அவசியம். தெரிந்த சிலரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "நீங்க பொறுப்பா நடந்துக்கிறவங்களா?" என்றால் "ஆமா". கொஞ்சம் தள்ளி "கவனக்குறைவா இருப்பீங்களா?" என்றால் அதற்கும் "ஆமா". பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்து கேட்கிறவன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனசு வராது, அவ்வளவுதான். நேர்க்கேள்வி மட்டும் கேட்கிற சர்வே இந்த மரியாதையைக் குணம் என்று எழுதிக்கொண்டு போய்விடும்.

இனி இதனால் என்ன கிடைக்கும்? ஒருவர் எதை வாங்குவார் என்று சொல்வதில் குணம் பலவீனமானது. ஃபோர்டு கார்க்காரர், செவ்ரோலே கார்க்காரர் இருவரையும் குணத்தை வைத்துப் பிரிக்க முடியுமா என்று ஃபிராங்க்ளின் எவன்ஸ் என்ற ஆய்வாளர் 1959-இலேயே பார்த்தார். பெரிதாக முடியவில்லை, வயது, வருமானம் மாதிரி விவரங்கள் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொன்னன. விளம்பரத்தை எப்படிப் பேசுவது என்பதில்தான் குணத்துக்கு வேலை இருக்கிறது. 2017-இல் சாண்ட்ரா மாட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு ஃபேஸ்புக்கில் செய்த சோதனையில், குணத்துக்குப் பொருந்திய விளம்பரம் பொருந்தாததைவிட 50% வரை அதிக விற்பனை தந்தது. ஃபேஸ்புக்கின் அல்காரிதமே யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானித்ததால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு.

நோட்டுக்கு வருவோம். சித்தப்பாவின் நோட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும்: பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்ட பட்டுப்பாய் முகூர்த்த மாதங்களை ஒட்டித்தான் போகிறது. கூச்சக்காரரும் வாங்குகிறார், கலகலப்பானவரும் வாங்குகிறார். வீட்டில் கல்யாணம், அதனால் வாங்குகிறார். எத்தனை பாய்க்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

நோட்டின் ஓட்டை வேறு இடத்தில். வந்து, தடவிப் பார்த்து, விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர் அதில் இல்லை. என்னை வருத்துவது அவர்தான். அவருக்கு விலை உறுத்தியதா, நெய்த கையின் அருமையை நாம் சொல்லத் தவறினோமா?

நம்பிக்கை விஷயமும் இருக்கிறது. குண வினாடி வினா என்ற பெயரில் திரட்டிய ஃபேஸ்புக் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போனது 2018-இல் வெளிவந்தது, 8.7 கோடிப் பேர் வரை அதில் சிக்கியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கச் சொல்கிறது. அண்ணாச்சி என்று கூப்பிட்டு உள்ளே வருகிறவரிடம் மனப்பதற்றம் எவ்வளவு என்று கேட்டு, அதை ஏஜென்சி கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

அதனால் சித்தப்பாவிடம் பணம் கட்ட வேண்டாம் என்றேன். நோட்டில் இரண்டு பத்தி கூட்டியிருக்கிறோம்: "என்ன விசேஷம்?", "வாங்காமல் போனால் ஏன்?" அப்புறம் இரண்டு விளம்பரம் எழுதினோம். ஒன்று, கலகலப்பானவரை நினைத்து, பந்தலே திரும்பிப் பார்க்கும் பாய் என்கிறது. மற்றது, கூச்சக்காரரை நினைத்து, கோடை மத்தியானத்தில் தனியாகச் சாய்ந்துகொள்ள ஒரு குளிர்ச்சி என்கிறது. யார் குணத்தையும் கேட்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் இரண்டையும் மாற்றி மாற்றி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்து, எதற்கு அதிகம் பேர் விசாரிக்கிறார்கள் என்று எண்ணப் போகிறோம்.