மூடாக்குக்கு மரச்சில்லு வாங்குகிறவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போன மே மாதம் நடந்தது. கோபம் ஆறட்டும் என்று எழுதாமல் இருந்தேன், ஆறவில்லை. நேற்று பக்கத்துத் தெருவில் எனக்குச் சில்லு விற்ற அதே ஆள் அதே மாதிரி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அதனால்தான் இந்தப் பதிவு.

கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க மணல் தரை, எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் நிற்காது, கத்திரி வெயிலில் மண் காயாமல் மேலே பரப்பி வைக்கிற மூடாக்கு இல்லாமல் செடி தாங்காது. இந்தப் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் குறைவில்லை என்பதால், ‘சுத்தமான சவுக்குச் சில்லு, மூட்டை 150 ரூபாய்’ என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. 20 மூட்டை, வண்டி வாடகை 400, மொத்தம் 3,400 ரூபாயை ஜிபேயில் முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

வந்தவை எல்லாம் வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டைகள். ஒன்றைப் பிரித்துக் கை விட்டால் உள்ளே கொதிக்கிற சூடு, வினிகர் மாதிரிப் புளித்த வாடை. “பச்சை மரம்க்கா, அப்படித்தான் இருக்கும், தண்ணி விட்டா சரியாயிடும்” என்றார். நம்பி, அன்று சாயங்காலமே 14 மூட்டையைப் பிரித்து 3 அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். மறுநாள் மதியத்துக்குள் கத்தரியின் அடி இலைகள் வெந்நீர் ஊற்றியது போல ஓரம் வெளுத்துத் தொங்கிவிட்டன. மிளகாயில் பூ மொத்தமும் கொட்டிவிட்டது.

ஈரச் சில்லைக் காற்றுப் புகாமல் கட்டி வாரக்கணக்கில் அடுக்கி வைத்தால் அது மட்காது, புளிக்கும். அசிட்டிக் அமிலம் உண்டாகி பி.எச். (குறையக் குறையப் புளிப்பு கூடுகிற அளவு) 3 வரைக்கும்கூட இறங்கிவிடும், பிரித்துப் போட்டவுடன் அந்த ஆவியும் வடிகிற நீரும் இலையைச் சுட்டுவிடும். நல்ல சில்லுக்குப் புது மர வாசனையோ மழை பெய்த மண் வாசனையோதான் இருக்கும். உடனே எல்லாவற்றையும் வாரி ஒதுக்கி, வேர் நனைய நனையத் தண்ணீர் விட்டேன். ஒன்பது கத்தரியில் மூன்று போய்விட்டன.

அதைவிட மோசமானது வாரும்போதுதான் கண்ணில் பட்டது. மேலே மட்டும் சவுக்கு, அடியில் பிளைவுட் சிம்பு, எம்டிஎஃப் தூள், பளபளவென்று மைக்கா துண்டுகள். பசை போட்டு ஒட்டிய பலகைக் கழிவை, நாங்கள் பறித்துச் சாப்பிடுகிற செடியின் காலடியில் கொட்ட வைத்திருக்கிறார், இதை எப்படி மன்னிப்பது?

போன் செய்தேன். “மரம்னா எல்லாம் மரம்தான்க்கா, மண்ணோட கிளறி விடுங்க, உரமாயிடும்” என்று பதில் வந்தது. பசைப் பலகை உரமாகாது. சுத்தமான மரமாகவே இருந்தாலும் இந்த யோசனையைக் கேட்டுவிடாதீர்கள். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 300, 400 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். மண்ணுக்குள் கலந்தால் அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொண்டு இலையை மஞ்சளாக்கிவிடும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை பெரிதாக வராது. இதைச் சொன்னதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இறக்குவதற்கு முன் நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு மூட்டையை நீங்களே தேர்ந்தெடுத்துத் தரையில் கவிழ்க்கச் சொல்லுங்கள். மேலாகப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்து நான் ஏமாந்தேன். முகர்ந்து பாருங்கள், அடியில் அடுக்கடுக்காகப் பிரிகிற துண்டு, சாயம் பூசிய துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். சில்லு நன்றாக இருந்து வாடை மட்டும் அடித்தால் இரண்டு மூன்று நாள் பரப்பி ஆறவிட்டுப் போடலாம். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

பிரிக்காத ஆறு மூட்டை இன்னும் மதிலோரம் கிடக்கிறது, பசை இருப்பதால் எரிக்கவும் மனம் வரவில்லை. செடிகளுக்கு இப்போது வேப்பஞ்சருகும் எதிர்வீட்டில் கொடுத்த தேங்காய் மட்டையும்தான் போட்டிருக்கிறேன்.