கேமராப் பட்டையும் ட்ரைபாட் பிளேட்டும்: மொரீசியஸ் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நீண்ட நாள் பயன்பாடு

கேமராப் பட்டை வாங்கப் போனால் எல்லாரும் முதலில் தோளில் உட்காரும் மெத்தையைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். ட்ரைபாடும் பயன்படுத்துகிறவர் அதற்கு முன் பட்டையின் முனையைப் பார்க்க வேண்டும். அது கேமராவை எந்த இடத்தில் பிடிக்கிறது, அங்கே பிளேட் (ட்ரைபாடில் பூட்டுவதற்காகக் கேமராவின் அடியில் திருகும் தகடு) இருந்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்பதில்தான் தோள்வலியும் கேமராவின் ஆயுளும் இருக்கின்றன. காலையில் சுய்யாக் பக்கம் கிரி-கிரி பாறைமேல் ட்ரைபாடில் நீண்ட எக்ஸ்போஷர், பிற்பகலில் கோயில் விசேஷத்தில் கையில் பிடித்தபடி படம் என்று ஒரே நாளில் இரண்டையும் செய்கிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமில்லை.

கேமராவின் அடியில் இருக்கும் துளை 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 20 மரை. நம் ஊர் இரும்புக்கடையில் சுலபமாகக் கிடைப்பது எம்6 போல்ட். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், முதல் சுற்றில் உள்ளே போகவும் செய்யும். ஆனால் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளியும் வேறு என்பதால் கொஞ்ச தூரத்தில் இறுகுவதுபோல் பாவனை காட்டும். அதை நம்பித் தொங்கவிட்டால் கேமரா விழும். பலங்கொண்டு முறுக்கினால் துளையின் மரை போய்விடும். பிளேட்டின் திருகு தொலைந்துவிட்டால் அதே அளவுள்ள கேமராத் திருகையே வாங்குங்கள். நீளத்தையும் பாருங்கள். பிளேட்டுக்கு மேலே ஏறத்தாழ 4.5 முதல் 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதைவிட நீண்டால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும், பிளேட் கேமராவில் ஒட்டாமல் ஆடும்.

பட்டையை அடியில் மாட்டும் வழிகளில் அதிகம் ஏமாற்றுவது பிளேட் திருகின் தலையில் இருக்கும், ஆங்கில D எழுத்து வடிவ மடக்கு வளையம். விரலால் திருகை முறுக்க ஒரு பிடி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வளையம் கண்ணில் பட்டதும் பட்டையின் கொக்கியை அதிலேயே மாட்டிவிடுகிறவர்கள் பலர். நடக்கும்போது கேமரா இடுப்பருகே முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் அந்த வளையத்தைக் கொஞ்சம் திருப்புகிறது. வளையம் திருகோடு சேர்ந்தது, ஆகவே திருகும் திரும்புகிறது. ஒரு பக்கம் திரும்பினால் இறுகும், மறுபக்கம் திரும்பினால் தளரும். லெ பூஸ் மலை ஏறி இறங்குவதற்குள் அரைச் சுற்று தளர்ந்திருக்க வாய்ப்புண்டு.

துளையில் நேரடியாகத் திருகும் தோள்குறுக்குப் பட்டைகளில் இந்தத் தொல்லை குறைவு. துளையில் திருகும் அவற்றின் குமிழுக்கு அடியில் தடித்த ரப்பர் வளையம் இருக்கிறது, கொக்கியும் தன்போக்கில் சுழலும். குறை வேறு இடத்தில்: குமிழ் உட்கார்ந்த துளையில் பிளேட்டுக்கு இடமில்லை. ட்ரைபாடை எப்போதாவது மட்டும் தொடுகிறவருக்கு இது ஏற்றது. மற்றவர்களுக்கு வேண்டாம்.

நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது மூலையில் ஓட்டை உள்ள ஆர்க்கா-சுவிஸ் வகை பிளேட். அகலம் சுமார் 38 மி.மீ., இரு ஓரமும் 45 டிகிரி சரிவு. அந்த வகை கிளாம்ப் (பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு) உள்ள பால்ஹெட்டில் (கேமராவை எப்பக்கமும் சாய்க்கவிடும் ட்ரைபாட் தலை) அநேகமாக உட்காரும். பீக் டிசைனின் சதுர பிளேட்டில் மூலை ஓட்டைகள் இருக்கின்றன, அவர்களுடைய ஆங்கர் என்ற சிறு கயிற்று வட்டு அதில் நுழையும். ஒரு வட்டு 90 கிலோ தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. சோனி ஏ7 III உடல் 650 கிராம், முதல் தலைமுறை 24–70 ஜிஎம் லென்ஸ் 886 கிராம், இரண்டும் சேர்ந்து 1,536 கிராம். ஆக வட்டின் பலம் ஒரு பிரச்சினையே இல்லை. தேய்மானம்தான் பிரச்சினை. அலுமினிய ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் கயிறு அங்கேதான் அறுபடும். புது பிளேட் வாங்கியதும் ஓட்டைக்குள் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து மழுக்கிய பிறகே கயிற்றைக் கோத்துவிடுங்கள்.

அந்தக் கயிற்றை வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இப்போது வரும் ஆங்கரில் மேலே கறுப்பு உறை, உள்ளே வேறு நிற இழை. கறுப்பு தேய்ந்து உள்நிறம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எப்போது மாற்ற வேண்டும் என்று கயிறே சொல்லிவிடுகிறது. சாதாரண நைலான் கயிற்றில் அந்த அடையாளம் கிடையாது.

பட்டையை மாட்டும் இடம்: ஒரு முனை கேமராவின் இடப்பக்கக் காதில் (பட்டை மாட்டும் வளையத்தில்), மறுமுனை பிளேட்டில் திரைப்பக்கம் இருக்கும் மூலையில். வலக்கை பிடியில் கயிறு குறுக்கிடாது. தாங்கும் புள்ளிகள் பின்னால் இருப்பதால் லென்ஸ் தானாகவே கீழ்நோக்கிச் சாயும், வயிற்றில் இடிக்காது. இரண்டு புள்ளிகளில் தொங்குவதால் திருகைச் சுழற்றும் விசையும் குறைகிறது. கிளாம்பில் வைக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும்: கயிறு தாடைகளின் திறந்த பக்கமாக வெளியே வர வேண்டும். தாடைக்குள் ஒரு இழை சிக்கினாலும் பிளேட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். குமிழ் திருகும் கிளாம்பில் அது கைக்குத் தெரிந்துவிடும். நெம்புகோல் கிளாம்போ கயிற்றின் மேலேயே மூடி, பூட்டிவிட்டதுபோல் காட்டும். கையை எடுக்குமுன் கேமராவை ஒரு தடவை மேலே இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிளேட்டின் அடியில் இரண்டு சிறு தடுப்புத் திருகுகள் இருந்தால் கழற்றி வைக்காதீர்கள். கிளாம்ப் சற்றுத் தளர்ந்தாலும் பிளேட் வழுக்கி வெளியே வராமல் தடுப்பவை அவைதான்.

70–200 போன்ற கனமான லென்ஸ் என்றால் இந்தக் கணக்கு மாறும். உடலில் தொங்கவிட்டால் மொத்தக் கனமும் லென்ஸ் மவுண்டை இழுக்கும். லென்ஸின் காலில் (ட்ரைபாடில் பூட்ட லென்ஸிலேயே இருக்கும் தாங்கியில்) நீளமான பிளேட் போட்டு, பட்டையை அதிலேயே மாட்டுங்கள்.

இனி பட்டையின் அகலம், துணி. ஒன்றரைக் கிலோவுக்கு 45 மி.மீ. சரி. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் 32 மி.மீ. போதும், வெயிலில் தோளும் அவ்வளவு வேகாது. நியோப்ரீன் கடையில் போட்டுப் பார்க்கையில் சொகுசாக இருக்கும், எடையே இல்லாததுபோல் தோன்றும். அது இழுபடும் ரப்பர் என்பதால் நடக்கும்போது கேமரா மேலும் கீழும் துள்ளும். ஜனவரி புழுக்கத்தில் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நாற்றமும் அடிக்கும். தோல் பட்டை அழகுதான், ஆனால் கியூர்பிப் மழையிலும் ஈரத்திலும் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நெருக்கமாக நெய்த நைலான்தான் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது: ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பிடிமானம் இருந்தால் இன்னும் நல்லது. தோள்குறுக்காகப் போடும்போது வழவழப்பை உள்ளே வைத்தால் கேமரா சட்டென்று கண்ணுக்கு வரும். ஒற்றைத் தோளில் போடும்போது பிடிமானப் பக்கத்தை உள்ளே வைக்கலாம்.

தைப்பூசக் காவடிக்குப் போகிறவர்கள் பட்டையைச் சுருக்கிவிடுங்கள். கேமரா இடுப்புக்குக் கீழே ஊசலாடினால் பக்கத்தில் வரும் குழந்தையின் முகத்திலோ அலகு குத்தியவர் மேலோ இடிக்கும். கூட்டத்தில் அதை மார்புப் பக்கம் கொண்டுவந்து ஒரு கையால் அணைத்தபடி நடப்பதே மரியாதை. ட்ரைபாடுக்கு அங்கே இடமில்லை, ஆனால் பிளேட் அடியில் இருக்கட்டும். மாலையில் கோயில் விளக்கு அலங்காரம் எடுக்க உதவும். பால்குடத்துப் பால் பட்டையில் தெறித்தால் அன்றிரவே அலசிவிடுங்கள், மறுநாளைக்கு விட்டால் புளித்த வாடை நெய்தலுக்குள் இறங்கிவிடும். மஞ்சள் கறை போகாது, அதனால் கறுப்புப் பட்டையே நல்லது.

கடல் உப்பு இன்னும் பொல்லாதது. கிரி-கிரியில் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு இல்லை, சாரல் நேராகக் கேமராமேல் வரும். பிளேட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே தங்கும் உப்புநீர் காய்ந்து திரும்ப ஈரமாகும்போது, எஃகுத் திருகு தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். திரும்பியதும் பிளேட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பட்டையைக் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் காயப்போடுங்கள். வெள்ளைக் கோடு விழுந்து விறைத்த நைலான் கழுத்தை உப்புத்தாள்போல் உராயும்.

பிளேட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் ரப்பரும் கேமரா அடியும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். விரலால் இறுக்கி, பிறகு ஆலன் சாவியால் (அறுகோண முனையுள்ள சாவி) கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கினால் போதும். கேமரா பக்க மரையில் மரைப்பசை (திருகு தளராமல் ஒட்டும் பசை) போடாதீர்கள், சிலவகை பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும். பசைக்குப் பதிலாக, திருகுத் தலையையும் பிளேட்டையும் சேர்த்து நகச்சாயத்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் கேமராவைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். பிளேட்டின் திருகுக்குப் பொருந்தும் ஆலன் சாவி, பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ., பையின் வெளிப்பாக்கெட்டிலேயே இருக்கட்டும். மலைமேல் திருகு தளர்ந்தால் நாணயத்தால் அதை இறுக்க முடியாது.

பட்டையின் நீளம் மாற்றும் கொக்கி வழியாக நாடாவை இரண்டாம் தடவையும் மடக்கிச் செலுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மடிப்பில் விட்டால் வியர்வையில் நனைந்த நைலான் வழுக்கும். முனையில் 5 செ.மீ. மிச்சம் விட்டு, அதை ரப்பர் வளையத்துக்குள் செருகிவிடுங்கள்.