லோகோவிலேயே நிற்கும் டிவி பெட்டி: எஸ்905எக்ஸ்3 + கோர்எலெக், ஒரு நீண்ட விமர்சனம்

அம்லாஜிக் எஸ்905எக்ஸ்3 சிப் போட்ட மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, அதற்குள் மெமரி கார்டிலிருந்து ஓடும் கோர்எலெக் என்ற இயங்குதளம். எங்கள் வீட்டு ஹாலில் தினமும் ஓடுவது இதுதான், சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இதையே போட்டுக் கொடுத்திருக்கிறேன். படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருநாள் காலையில் லோகோவிலேயே நின்று போனால் என்ன செய்வது என்பதைத் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதை ஒட்டித்தான்: தாராளமாக வாங்கலாம், இந்தச் சிப்பை நிரந்தரமாகச் சாகடிப்பது கஷ்டம், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகள் வீட்டிலேயே சரியாகிவிடும்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. நான்கு கார்டெக்ஸ் ஏ55 கோர்கள், 12 நானோமீட்டர் சிப். 4கே படத்தை நொடிக்கு 60 ஃபிரேம் வரை ஓட்டும், எச்இவிசி, விபி9 என்ற வீடியோ வடிவங்கள் இரண்டும் சிரமமில்லாமல் ஓடும். ஏவி1 என்ற புதிய வடிவம் கிடையாது, அது வேண்டுமென்றால் அடுத்த தலைமுறையான எஸ்905எக்ஸ்4 பக்கம் போக வேண்டும். கோர்எலெக் என்பது கோடி என்ற மீடியா பிளேயரை ஓட்டுவதற்கான லினக்ஸ், 2018-ல் அதே வேலையைச் செய்யும் லிப்ரெஎலெக்கிலிருந்து பிரிந்து வந்த திட்டம், அம்லாஜிக் சிப்புகளுக்காக மட்டுமே செய்வது. ஆன் செய்தால் நேராகக் கோடி திரைக்கு வந்து நிற்கும், நடுவில் விளம்பரமும் இல்லை, லாஞ்சரும் இல்லை. சினிமா 24 ஃபிரேமில் இருந்தால் டிவியையும் 24-க்கு மாற்றி ஓட்டும், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பெட்டியோடு வரும் ஆண்ட்ராய்டை நான் ஓட்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெயர் தெரியாத பெட்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே மால்வேர் ஏறி வருவது வதந்தி இல்லை. 2023 ஜனவரியில் டி95 என்ற பெட்டியில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள், 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே இப்படிப்பட்ட பெட்டிகளில் பரவிய பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. அந்த டி95-ல் இருந்தது வேறு நிறுவனத்தின் சிப். ஆனால் மலிவுப் பெட்டிச் சந்தை முழுவதற்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும். கோர்எலெக் கார்டிலிருந்து ஓடும்போது அந்த ஆண்ட்ராய்டு விழிப்பதே இல்லை.

சரி, பூட், அதாவது ஆன் செய்ததும் பெட்டி எழுந்து வரும் விஷயத்துக்கு வருவோம். பவர் கொடுத்ததும் சிப்புக்குள்ளேயே பொறித்திருக்கும் ஒரு சின்ன நிரல் எழுந்து, பெட்டியின் உள் மெமரியான இஎம்எம்சி-யில் பூட்லோடரை, அதாவது மற்றதை எழுப்பிவிடும் நிரலைத் தேடும். அங்கே சரியாக இருந்தால் அதை ஓட்டும், இல்லாவிட்டால் எஸ்டி கார்டைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டர் ஏதாவது பேசுகிறதா என்று காத்திருக்கும். அந்தச் சின்ன நிரலை யாராலும் அழிக்க முடியாது, அதனால்தான் சாகடிப்பது கஷ்டம் என்றேன். பூட்லோடர் எழுந்தபின் பெட்டியின் லோகோ வரும், அது கார்டில் கோர்எலெக் இருக்கிறதா என்று பார்த்து இயங்குதளத்தின் மையமான கெர்னலையும், கீழே விளக்கியிருக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்றும், அப்புறம் கோர்எலெக் லோகோ, கடைசியில் கோடி. இந்த வரிசையில் எங்கே நின்றது என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பார்க்காமல் கார்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான் கடைசியில் பெட்டியைக் குப்பையில் போடுகிறார்கள்.

எதற்கும் முன் கார்டை உருவிவிட்டு ஆன் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு எழுந்து வந்தால் பெட்டி நலமாக இருக்கிறது, கோளாறு கார்டில்தான் என்று அர்த்தம். இதற்காகவே ஆண்ட்ராய்டை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்பேன். ஆண்ட்ராய்டை அழித்துவிட்டுக் கோர்எலெக்கை இஎம்எம்சி-யிலேயே ஏற்றிவிடவும் ஒரு கருவி தருகிறார்கள், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நல்ல கார்டில் ஓட்டினாலே வேகம் போதும். பெட்டி நலமா என்று அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய ஆண்ட்ராய்டை எதற்கு இழக்க வேண்டும்?

விளக்கே எரியவில்லை, அல்லது சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, அல்லது கோர்எலெக் லோகோ வந்து வந்து ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் நான் முதலில் மாற்றுவது அடாப்டரை. 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பது அவ்வளவு தருமா என்பது வேறு விஷயம். பெட்டி சும்மா இருக்கும்போது சமாளித்துவிடும், யுஎஸ்பி-யில் தனி அடாப்டர் இல்லாத ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் அது சுழல ஆரம்பிக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்கி, பூட் பாதியில் விழும். எனக்கு வந்த பெட்டியோடு கொடுத்த அடாப்டர் இப்படித்தான் இருந்தது, வேறு நல்ல அடாப்டர் போட்டதும் அந்த ரீஸ்டார்ட் தொல்லை அடியோடு நின்றது. அதே அளவு பின், அதே 5 வோல்ட், ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். மோடத்துக்கு வரும் 12 வோல்ட் அடாப்டரின் பின் சிலவற்றில் அப்படியே பொருந்தும், அவசரத்தில் அதைச் செருகிவிட்டால் கதை முடிந்தது, பார்த்துச் செய்யுங்கள்.

கார்டு போட்டிருந்தும் நேராக ஆண்ட்ராய்டுக்கே போகிறது என்பது புதிதாகப் போடுபவர்களுக்கு வரும் முதல் பிரச்சினை. இது கோளாறே இல்லை. கார்டைப் பார் என்று பூட்லோடருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பல பெட்டிகளில் ரீசெட் பட்டன் ஏவி ஜாக்கின் துளைக்குள், அடி ஆழத்தில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் அடிப்பக்கத்துச் சின்ன ஓட்டையில் இருக்கும். மரத்தாலான பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், உள்ளே ஜாக்கின் தகடுகள் இருக்கின்றன. பவரை எடுத்துவிட்டு, கார்டைச் செருகி, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் கொடுத்து, கோர்எலெக் லோகோ வந்ததும் விட வேண்டும். கார்டில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, இனிமேல் எப்போதும் வெளிக் கார்டை முதலில் பார் என்று பூட்லோடரின் குறிப்பில் எழுதிவிடும், அப்புறம் குச்சி தேவைப்படாது. ஆண்ட்ராய்டு பிறகு எப்போதாவது அப்டேட் ஆனால் அந்தக் குறிப்பு அழிந்து போகலாம், நேற்றுவரை ஓடியது இன்று ஆண்ட்ராய்டுக்குப் போகிறதே என்பவர்கள் மறுபடி குச்சியை எடுத்தால் போதும்.

அடுத்தது டிவைஸ் ட்ரீ, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு ரேம், என்ன நெட்வொர்க் சிப், எந்தப் பின் எதற்கு என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு அது. கார்டை எழுதி முடித்ததும் அதில் டிவைஸ் ட்ரீஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், அதிலிருந்து உங்கள் பெட்டிக்கு உரியதை எடுத்து, வெளியே வைத்து, டிடிபி.ஐஎம்ஜி என்று பெயர் மாற்ற வேண்டும். எஸ்905எக்ஸ்3-க்கான கோப்புகளின் பெயர் எஸ்எம்1 என்று தொடங்கும், முடிவில் 2ஜி, 4ஜி என்று ரேம் அளவு இருக்கும், சிலவற்றில் அதற்கும் பின்னால் 1ஜிபிட் என்று ஒட்டியிருக்கும். ரேம் தவறாக இருந்தால் லோகோவோடு உறைந்து நிற்பதோ திடீரென்று விழுவதோ நடக்கும். ரேம் சரி, ஆனால் 1ஜிபிட் விஷயத்தில் மாறிவிட்டது என்றால் எல்லாம் அழகாக எழுந்து வரும், லேன் கேபிள் மட்டும் வேலை செய்யாது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் ஜிகாபிட்டும் மற்றதில் 100 மெகாபிட்டும் இருப்பது சகஜம், மாடல் பெயரை நம்பிக் கோப்பைத் தேர்வு செய்ய முடியாது. இரண்டையும் போட்டுப் பார்ப்பதில் ஒரு கெடுதலும் இல்லை, கார்டில் இருக்கும் ஒரு கோப்பைத்தானே மாற்றுகிறோம்.

விண்டோஸில் கார்டை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதி முடித்ததும் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று திரையில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். கார்டில் இருக்கும் இரண்டாவது பகுதி லினக்ஸ் வடிவம், விண்டோஸுக்கு அது புரியாது, அதனால் கேட்கிறது. கேன்சல் கொடுங்கள். கார்டை முதல் முறை போட்டு ஆன் செய்யும்போது அந்த இரண்டாவது பகுதியைக் கார்டின் முழு அளவுக்கு விரித்துவிட்டுத் தானே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். பெரிய கார்டு என்றால் சற்று நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் பவரைப் பிடுங்கக் கூடாது.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போலிக் கார்டுகள் நம் ஊர்ச் சந்தையில் எவ்வளவு புழங்குகின்றன என்று எல்லோருக்கும் தெரியும், கார்டின் முழு அளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளை முதலில் ஓட்டினால் போலி பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் நல்ல கார்டுகூட கெடும், எழுதிக்கொண்டிருக்கும்போதே பவர் போனால் அந்த இரண்டாவது பகுதி குழம்பிவிடும், அடுத்த நாள் கோர்எலெக் லோகோவோடு நிற்கும். மோடத்தோடு சேர்த்துச் சின்ன யுபிஎஸ் ஒன்றில் பெட்டியையும் போட்டுவிடுவது என் யோசனை. கார்டு ஸ்லாட்டே தகராறு செய்தால் அதே இமேஜைப் பென் டிரைவில் எழுதிப் பாருங்கள், அதிலிருந்தும் பூட் ஆகும்.

திரை கறுப்பாக இருக்கிறது என்பதற்காகப் பூட் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இது முக்கியம். மோடத்தின் பக்கத்தைத் திறந்து, பெட்டிக்கு ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்திருந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, எச்டிஎம்ஐ கேபிளிலோ டிவி ஏற்காத ரெசல்யூஷனிலோதான் சிக்கல். நடுவில் இருக்கும் சவுண்ட் பாரைக் கழற்றிவிட்டு நேராக டிவியில் செருகிப் பாருங்கள். கோடி மட்டும் எழுந்து எழுந்து விழுகிறது என்றால் அது கடைசியாகப் போட்ட ஆட்-ஆனின் வேலையாக இருக்கும், சில முறை விழுந்தபின் கோர்எலெக் தானாகவே சேஃப் மோடில் காலிக் கோடியைத் திறந்து வழிவிடும், பழைய அமைப்புகள் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்.

இதெல்லாம் பார்த்தும், கார்டு இல்லாமலும், லோகோகூட வராமல் கிடந்தால் மூடியைத் திறக்க வேண்டியதுதான். போர்டில் வரிசையாக நான்கு சின்னத் துளைகள் இருக்கும், கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), விசிசி (பவர்). சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும், இந்தத் துளைகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி டு டிடிஎல் போர்டு ஒன்றை 3.3 வோல்ட்டில் வைத்து, விசிசியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் இணைத்து, வேகத்தை 115200 என்று கொடுத்தால் பெட்டி தன் முதல் மூச்சிலிருந்து என்ன செய்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். முதல் வரியிலேயே இஎம்எம்சி, ரீட், செக் என்பவற்றின் சுருக்கங்களும் பக்கத்தில் எண்களும் வரும். எண்கள் 0 என்றால் பூட்லோடரைப் படித்துவிட்டது, கோளாறு அதற்குப் பிறகு. இவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வேறு எண் வந்து, அடுத்து எஸ்டி, யுஎஸ்பி என்று தேடித் தேடி அதே வரி சுற்றிக்கொண்டிருந்தால் உள் மெமரியிலிருந்து சரியான பூட்லோடர் கிடைக்கவில்லை.

அப்போதும் நம்பிக்கை இருக்கிறது. அம்லாஜிக்கின் யுஎஸ்பி பர்னிங் டூல் என்ற விண்டோஸ் மென்பொருள், இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள யுஎஸ்பி கேபிள், உங்கள் போர்டுக்கு உரிய ஃபர்ம்வேர் (உள் மெமரியில் எழுத வேண்டிய மூல மென்பொருள்), இவை மூன்றும் போதும். விண்டோஸில் 'வேர்ல்ட்கப் டிவைஸ்' என்ற விசித்திரமான பெயரில் பெட்டி தெரிந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. பச்சைக் கோடு ஆரம்பத்திலேயே டிடிஆர் (ரேமைக் குறிக்கும்) என்ற சொல்லோடு பிழை காட்டி நின்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், அதற்கும் நின்றால் ஃபர்ம்வேர் வேறு ரேம் வைத்த போர்டுக்கானது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போர்டு மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பெட்டிகளின் பெரிய குறை, என் பார்வையில் மன்னிக்க முடியாத குறையும் அதுதான்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார்தான் உங்கள் வீட்டில் முக்கியம் என்றால் இதை வாங்காதீர்கள். கோர்எலெக்கில் அவற்றின் அதிகாரபூர்வ ஆப்கள் ஓடாது, அதற்கு உரிமம் பெற்ற நல்ல ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். சொந்தமாகப் படங்களும் பாட்டுகளும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள், வீட்டில் சொந்தப் படங்களை நெட்வொர்க்கில் பகிரும் ஜெல்லிஃபின் சர்வர் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல பிளேயர் எனக்குத் தெரியாது. வாங்கினால், பெட்டி நலமாக இருக்கும் முதல் வாரத்திலேயே அடியில் இருக்கும் ரப்பர் கால்களை நெம்பி, திருகுகளைக் கழற்றி, போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணையும் தேதியையும், ரேம் சிப்பின் மேல் இருக்கும் எழுத்துகளையும் போனில் படம் எடுத்து, அதே எண்ணுக்கான ஃபர்ம்வேரையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.